ஒன்றுக்கு ஒன்பது

ஞாயிற்றுக்கிழமை. மெர்பேங்க், வீட்டின் பின்முற்றம்.
வேனிலிருந்து இயந்திரத்தை இறக்குகிறோம்,
நானும் துலானியும்.
இன்று யாருடைய கூரையும் இல்லை, சுவரும் இல்லை.
இன்று கழுவ வேண்டியது என் பெயர்.

செவ்வாய்க்கிழமை மூட்லி போனில்:
"உன் மருந்து என் கறிவேப்பிலையைக் கொன்றுவிட்டது, கோகிலா.
பதினாறு வருஷத்து மரம்.
தெருவே வந்து ஒடித்துக்கொண்டு போகும்."
பாசிக்கு அடிக்கிற மருந்துதான் ஐயா,
ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்துதான் வரும்,
இன்ஜெக்டரின் பித்தளையிலேயே பொறித்திருக்கிறது என்றேன்.
"பித்தளையில் என்ன வேண்டுமானாலும் பொறிப்பான்.
நீ வந்து இலையைப் பார்."
வைத்துவிட்டார்.

நான் போகவில்லை. அளக்கிறேன்.

மருந்து வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும்.
மூன்று லிட்டர் ஜாடி, பக்கவாட்டில் சிவப்புக் கோடுகள்.
உறிஞ்சுகுழாய் அடிவரை.
துப்பாக்கியில் கறுப்பு நாசில், அகன்ற வாய்;
மற்ற நிறம் எதைப் போட்டாலும்
அழுத்தம் ஏறிவிடும், குழாய் ஒரு சொட்டு இழுக்காது.
எதிரே இருபது லிட்டர் பெயிண்ட் வாளி.

முதல் தடவை கணக்கில் சேராது.
குழாய்க்குள் இருக்கும் காற்று
விக்கி விக்கி ஓய வேண்டும்.
ஓய்ந்தது. வாளியைக் கவிழ்த்தோம்.
ஜாடியை மறுபடி கழுத்துக் கோடு வரை நிரப்பினேன்.

அறுபது மீட்டர் ஹோஸ்.
துலானி விசையை அழுத்த, வாளிக்குள் இரைச்சல்.
நான் ஜாடியின் முன் குந்தியிருக்கிறேன்,
பால் பொங்குகிறதா என்று பார்ப்பவளைப் போல;
ஆனால் இது இறங்குகிறது,
ஒரு கோடு, பாதிக் கோடு, இன்னொரு கோடு.
வாளி விளிம்பு தொட்டது. நிறுத்து.

ஜாடியில் குறைந்தது ஒரு லிட்டர்.
இருபதில் ஒன்று.
ஒன்றுக்குப் பத்தொன்பது!
பித்தளை சொன்னதில் பாதிதான்.
இந்தத் தண்ணீரில் புல்கூட வாடாதே.

ஜாடியைப் படம் எடுத்தேன். வாளியையும்.
மூட்லிக்கு எழுதத் தொடங்கினேன்,
மரியாதையாக, முள்ளோடு:
"ஐயா, தங்கள் மரத்துக்கு வேறு ஏதாவது நோய்..."

ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்த துலானி
நிமிராமல் சொன்னான்:
"சிஸி, அங்கே குழாயடி பக்கத்திலேயே இருந்தது.
அன்றைக்குச் சின்னதைத்தான் போட்டோம்."

எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல வாய் வந்தது.
அவன் அதற்குள்
பதினைந்து மீட்டரை மாட்டிக்கொண்டிருந்தான்.

இந்தத் தடவை தண்ணீர் கோடு கோடாக இறங்கவில்லை.
தாகம் எடுத்தவன் செம்பைக் கவிழ்த்த மாதிரி.
வாளி நிறைந்தபோது இரண்டு லிட்டர் போயிருந்தது.
ஒன்றுக்கு ஒன்பது.
மறுபடி அடி என்றேன். அடித்தான்.
இன்னும் ஐம்பது மில்லி கூடுதலாகப் போனது.
எனக்குச் சாதகமாக அந்தக் கோடுகள்
ஒரு மயிரிழை நகரவில்லை.

நீளமான ஹோஸ் பின்னாலிருந்து அழுத்தும்,
உறிஞ்சுகிற வாயை அடைக்கும்.
ஆறு மாதமாக அதோடுதான் வேலை.
பாசி போகவில்லையே என்று
டிரம்மில் தூக்கலாக ஊற்றப் பழகியிருந்தது என் கை.
அந்தத் தூக்கல்
சின்ன ஹோஸ் வழியாக, இரண்டு மடங்காக,
ஈசிப்பிங்கோவில் ஒரு சுவரில் வழிந்து
வேருக்கு இறங்கியிருக்கிறது.

எழுதியதை அழித்தேன்.
படத்தை அழிக்கவில்லை.

வாளியை முகர்ந்து பார்த்தான் துலானி,
குழாயில் பழைய மருந்து ஒட்டியிருக்குமோ என்று.
என் கீரைப் பாத்தியைத் தாண்டிப் போய்
சாக்கடையில் கொட்டினான்.

நான் போனை எடுத்தேன்.
நாலாவது மணியில் அவர் குரல்.

"ஒன்பது, ஐயா" என்றேன்.
"என்ன ஒன்பது?"